வடிகஞ்சி

காஞ்சிபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி பட்டு நெய்பவள். ஒல்லியாக இருப்பாள், விரல்களில் எப்போதும் சாயக் கறை. வீட்டில் ஐந்து பேர். கோடையில் விடியற்காலையில் ஒரே தடவை ரேஷன் அரிசியை வடிப்பாள். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி ராத்திரிக்கு வைப்பாள், தொட்டுக்கொள்ள வெங்காயம். வடித்த கஞ்சியைச் சட்டியோடு வாசலில் ஆறவைப்பாள்.

ஒருநாள் அவள் தெருக்கோடியில் வேலையாக இருந்தபோது மகள் பசியில் அழுதாள். அந்தக் கஞ்சியில் மோரும் உப்பும் கலந்து நான் கொடுத்துவிட்டேன். புண்ணியம் செய்வதாக நினைப்பு. தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவுக்கு, இழை அறுந்துவிடாமல் இருக்கப் போட வேண்டிய கஞ்சி அது என்று தெரியாது.

அவள் வந்து காலிச் சட்டியைப் பார்த்தாள்.

"வெயில் ஏறிக்கினே இருக்குதுக்கா, பாவு காஞ்சிடும்."

உள்ளேயிருந்து அன்றைய சோறு முழுவதையும் எடுத்துவந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து துணியில் பிழிந்தாள்.

"ஐயோ, சாப்பாட்டுக்கு?" என்றேன்.

"பாப்பா ஒருத்தியாவது குடிச்சிட்டாளே."

மத்தியானம் என் வீட்டுச் சோற்றைக் குண்டானோடு கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை.

"வேணாங்க்கா. இன்னைக்கு நீங்க குடுத்ததே போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.