நான் பேர் வைத்த கேசட்டுகள்

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று லேபிளில் அச்சடித்திருந்த கேசட்டில் மொத்தமே ஏழு ஆட்டம்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பட்டரவாக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெருவே திரும்பி வரும் நேரம் பார்த்து எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இன்னாம்மா, ஊரை ஏமாத்தறியா? அதே ஏழு ஆட்டத்தைப் பேர் மாத்தி மாத்திப் போட்டுகீறான். என் புள்ள குந்திகினு அழுவுது" என்று கத்தினார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மேனாம்பேட்டில், எங்கள் வீட்டு முன்னறையில் நான் வீடியோ கேம் கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கேசட் என்றால் பாட்டுக் கேசட் இல்லை. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா. டிவியோடு இணைத்த பெட்டியில் செருகினால் ஆட்டம் வரும். கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டுவான். தங்கைக்கு ஒரு நல்ல புடவை வாங்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே கிடையாது. அப்படிச் சேர்ந்தது முந்நூறுக்குக் கிட்டே.

என் வீட்டுக்காரருக்கு இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அன்றைக்குத் தெருவே வேடிக்கை பார்த்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "உள்ள இன்னா கீதுன்னு உனக்கே தெரியாது. இதுக்குப் பேரு கடையா? தம்பிக்கு அந்த ரூம்ல எஸ்.டி.டி. பூத் வெச்சுக் குடுத்தாலாவது பொழைச்சுக்குவான்" என்றார். தம்பி என்றால் என் கொழுந்தன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் என் அலமாரியில்தான் தேடினான்.

எனக்கு அந்த அறை வேண்டும். வீட்டுக்குள் என்னை யாராவது கூப்பிட்டால் ஏதோ தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். முன்னறைக்கு மட்டும்தான் என்னைத் தேடி ஆள் வந்தது. அந்த வேகத்தில், "கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கட்டும். அன்னிக்கு எந்தக் கேசட்டை எடுத்துக் கேட்டாலும் உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். ஒண்ணு தப்பினாலும், ஒண்ணு குறைஞ்சாலும் பூத் வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு கொறைஞ்சாலும்?"

"ஒண்ணு குறைஞ்சாலும்."

அவர் சிரித்துக்கொண்டே ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்தச் சிரிப்புதான் என்னை உட்கார வைத்தது.

லேபிளை நம்பி அடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. ஒரே படம் ஒட்டிய மூன்று டப்பாவில் மூன்று வேறு ஆட்டம். வேறு வேறு படம் ஒட்டிய ஐந்து டப்பாவில் ஒரே ஆட்டம். உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள ஆடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதுவரை நான் ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து வைத்ததோடு சரி.

தினமும் மத்தியானம், பாத்திரம் கழுவிய கையோடு போய் டிவி முன்னால் உட்காருவேன். மூன்று உயிர் கொடுப்பார்கள். நாலு அடி நடப்பதற்குள் மூன்றும் போய்விடும். ஜன்னலில் தொங்கும் பையன்கள், "அக்கா, குதி! குதிக்கா!" என்று கத்துவார்கள். நான் குதிப்பேன், நேராகப் பள்ளத்துக்குள். எரிச்சலில் ஒரு தடவை ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் அடித்தேன். அப்புறம் அதன் வயரைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஜெயிப்பதற்காக நான் ஆடவில்லை. எந்த ஆட்டத்தில் எப்படிச் சாகிறோம் என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

பாதி கேசட் முடிந்ததும் ஒரு காரியம் செய்தேன். கிண்ணத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்துக்கொண்டு, பழந்துணியை நனைத்து நனைத்து எல்லா லேபிளையும் தேய்த்து உரித்துப் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உனுக்கு இன்னா கழண்டுச்சா?" என்றார். நான் அடுத்த டப்பாவை எடுத்தேன். மொட்டையாக நின்ற டப்பாக்களின் மேல், ஆடிப் பார்க்கப் பார்க்க, வெள்ளை பெயிண்டால் நானே பேர் எழுதினேன். குரங்கு ஏணி. சிரிக்கிற நாய். பாதியில் நிற்கும் பைக். இது கடைசியில் உண்மையிலேயே பாதியில் நின்றுவிடும், அதை ஏன் மறைக்க வேண்டும்? அழுகிற டாங்கி என்று ஒன்று. ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது அதிலிருந்து குழந்தை சிணுங்குவது மாதிரி ஒரு இழுவைச் சத்தம் வரும். ஏதோ கோளாறு. ஆனாலும் ஆவடிப் பையன்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள், டாங்கி செய்யும் ஃபேக்டரி அவர்கள் ஊரில்தான், டாங்கி என்றால் அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி.

மே மாதக் கடைசியில் பையன்கள் நான் வைத்த பேரைச் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள். "அக்கா, நிக்கிற பைக் கீதாக்கா?" என்று தெரு முனையிலிருந்தே குரல் வரும். திரும்பி வரும் கேசட்டை அவர்கள் எதிரிலேயே செருகிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். பட்டரவாக்கத்துத் தகப்பனும் பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் அன்று காலை எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. அழுகிற டாங்கி. முந்தின ராத்திரி நான் கையால் எடுத்து வைத்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. முன்னறைக்கு இரண்டு சாவி, ஒன்று என் இடுப்பில், இன்னொன்று வீட்டுக்காரரின் கொத்தில். அவர் எடுக்கிற ஆள் இல்லை. ஆனால் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்குகிறவரின் சாவி யார் கைக்கும் வரும். யார் கை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஆத்திரத்தில் அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பைப் போட்டேன்.

கொழுந்தனுடைய கூட்டாளிகளின் வீடுகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு ஜன்னலோரமும் மெதுவாக நடந்தேன். ரேடியோ கேட்டது, சண்டை கேட்டது. குளக்கரைக்குப் பின்பக்கம் ஒரு வீட்டில் அந்தச் சிணுங்கல் கேட்டது. அது உலகத்தில் வேறு எந்தக் கேசட்டிலும் கிடையாது. கதவைத் தள்ளினேன். என் கொழுந்தன் ஜாய்ஸ்டிக்கோடு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி... ஒளிச்சு வெக்கத்தான் எட்தாந்தேன். சும்மா ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கலாம்னு..." என்று எழுந்து நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் ஒரு பொழைப்பு வேணுமில்ல அண்ணி?" என்றான்.

பாவமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. அதற்காக என் பிழைப்பை எடுத்துக் கொடுக்க முடியுமா? "வேணும்தான். அதை வேற எடத்துல தேடு. சாயங்காலம் உங்க அண்ணன் கையில இதை நீயே குடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொண்டுவந்து கொடுத்தான். உடனே வெளியே போய்விட்டான். வீட்டுக்காரர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு தட்டாக எண்ணினார். நடுவில் கைக்கு வந்ததை எடுத்து, "இதுல இன்னா கீது?" என்று கேட்டார். சொன்னேன். செருகிப் பார்த்தார். இன்னும் நாலைந்து அப்படிக் கேட்டுவிட்டு, கடைசியில் சோம்பல் முறித்துக்கொண்டு, "சரி, போவுது. நீயே வெச்சுக்கோ" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடை முழுக்க உட்கார்ந்து நான் சம்பாதித்ததை இவர் ஏதோ தானம் கொடுப்பது மாதிரி கொடுக்கிறார். நான் கையை நீட்டினேன்.

"இன்னாது?"

"சாவி. முன்னறை சாவி."

"ஊட்டுக்காரன் கையில ஒரு சாவி இருக்கக் கூடாதா?"

"கடை திறந்திருக்கும்போது வாங்க. எது வேணும்னு கேளுங்க, எடுத்துத் தரேன்."

பாக்கெட்டிலிருந்து கொத்தை எடுத்தார். வளையம் இறுக்கம். நகத்தால் நெம்பினார், வழுக்கியது, மறுபடி நெம்பினார். அந்த மாதிரி வேலையை நான்தான் வாங்கிச் செய்து கொடுப்பேன். அன்றைக்குக் கையை நீட்டியபடியே நின்றேன்.