பனியில் பிடித்த கயிறு

முள்ளிக்குளத்துக்காரருக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கூரை ஓலையில் படிந்திருந்து, ஆள் பல்லுத் தீட்டி முடிவதற்குள் காய்ந்துபோகிற ஈரம். அதற்கு மேல் அந்த ஊருக்கும் பனிக்கும் ஒரு சங்காத்தமும் கிடையாது. அப்படிப்பட்ட கடற்கரை ஊரிலிருந்து அறுபத்திரண்டாம் ஆண்டு பஸ்ரியன் இமயமலைக்குப் போனார். மலையேறத் தெரியும் என்பதற்காக அல்ல. ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள் அவர். கயிறு பிடிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ரியனின் தொழில் பார்ப்பவர்களுக்குத் தொழிலாகவே தெரியாது. வள்ளத்தின் விளிம்பில் சும்மா குந்தியிருப்பார். அவருடைய அக்கா அன்ரோனெற்றின் புருசன் டொமினிக், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்குவார். கயிற்றின் மறுமுனை பஸ்ரியனின் கையில் இருக்கும். டொமினிக் முழுகியதும் பஸ்ரியன் மாதாவுக்குரிய மந்திரத்தை மனதுக்குள் சொல்லத் தொடங்குவார். ஒரு மந்திரம் முடிந்ததும் பெருவிரலால் கயிற்றை ஒரு தட்டுத் தட்டுவார். அடியில் கிடக்கிறவருக்கு அந்தத் தட்டுத்தான் மணிக்கூடு. ஏழாவது தட்டுக்குப் பிறகு, கீழே தங்கமே கொட்டிக் கிடந்தாலும் பஸ்ரியன் இழுத்துவிடுவார். டொமினிக் மேலே வந்து ஏசுவார். ஏசுவதற்கு மூச்சு இருக்கிறதே, அதுபோதும் என்று பஸ்ரியன் நினைத்துக்கொள்வார்.

“எண்ணுற கை விடாது மச்சான்” என்று டொமினிக்குக்கும் கேட்கிற எல்லோருக்கும் சொல்வார். அவருக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவும் அந்த ஒரு பேச்சுக்குள் அடக்கம்.

அந்தக் கரையில் முழுகுகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அவன் கண் அயரமாட்டான். பஸ்ரியனின் வீட்டில் இந்த வழக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. இருபத்தைந்தாம் ஆண்டு மறிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்தபோது, அவருடைய தகப்பனுக்குக் கயிறு பிடித்தது கூலிக்கு வந்த ஓர் அந்நியன். கயிறு அவன் கையை விட்டுப் போனது. தகப்பன் மேலே வரவில்லை. பஸ்ரியன் அப்போது மூன்று மாதக் குழந்தை. அந்த ஆளின் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ‘கைவிட்டவன்’ என்றுதான் சொல்வார்கள், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆகவே ஐம்பத்தெட்டாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஒரு படித்த கூட்டம் முத்துப்படுக்கையை ஆராய வந்து, அதில் ஒருவர் “நானும் இறங்கிப் பார்க்க வேணும், நீர் கயிறு பிடியும்” என்று கேட்டபோது, பஸ்ரியன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றார். கேட்டவர் கலாநிதி பாலசிங்கம். நானாட்டானில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, கல்லும் மண்ணும் படித்தவர்.

“அந்நிய ஆளுக்கு நான் பிடிக்கிறதில்லை ஐயா. கை எனக்குக் கட்டுப்படாது.”

பாலசிங்கம் விடவில்லை. “எனக்கு மூண்டு தங்கச்சிமார். மூண்டு பேரையும் நான்தான் கரை சேர்க்க வேணும். அவையை நினைச்சுப் பிடியும்” என்றார்.

அது பஸ்ரியனின் மனதில் தைத்தது. கண்ணால் காணாத மூன்று பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு பிடித்தார். ஆறாவது தட்டிலேயே இழுத்துவிட்டார் என்பது வேறு கதை.

நாலு வருடம் கழித்துப் பாலசிங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. நேபாளத்தில் ஒரு பனியாற்றை ஆராய வெள்ளைக்காரர் சிலர் போகிறார்களாம், அவரையும் சேர்த்திருக்கிறார்களாம். பனியில் வெடித்துக் கிடக்கிற பிளவுகளுக்குள் கயிற்றில் இறங்கிப் பனியை வெட்டி எடுக்க வேண்டுமாம். ‘என் கயிற்றை வேறு ஆரும் பிடிக்க நான் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு தங்கச்சிமார் கலியாணம் முடித்துவிட்டார்கள். சிவலட்சுமி இன்னும் இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தார்.

“பனிக்குள்ளை என்ன, முத்தோ கிடக்குது?” என்று அன்ரோனெற் கேட்டாள்.

“தெரியேல்லை அக்கா. அந்தக் கடைசித் தங்கச்சி ஒண்டு இருக்குது” என்றார் பஸ்ரியன். அன்ரோனெற் எழும்பிப் போய் அவருக்குத் தடித்த போர்வை ஒன்றைத் தேடினாள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இந்தியாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ரயிலில் போய், பிறகு பதினெட்டு நாள் நடந்தார்கள். ஒருநாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்த பஸ்ரியன் அப்படியே முழந்தாளில் நின்றுவிட்டார். அவர் பிறந்து வளர்ந்த தரையில் தென்னையை விட உயர்ந்தது மாதா கோயில் கோபுரம் மட்டுந்தான். இங்கே வெள்ளை வெளேரென்று மலைகள் எழும்பி, எழும்பி, இனி முடிந்திருக்கும் என்று நினைத்த இடத்துக்கு மேலேயும் எழும்பி நின்றன. வானம் ஆழ்கடலைப் போலக் கருநீலமாக இருந்தது. சத்தம் என்று ஒன்றுமே இல்லை. கடலுக்குக்கூட இரைச்சல் உண்டு. இவ்வளவு பெரிய ஒன்று வாய் திறக்காமல் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. தன்னை அறியாமல் அழுதார், அதற்காக வெட்கப்படவும் இல்லை.

இன்னொரு வியப்பும் இருந்தது. அங்கே நாலடி நடந்தால் மூச்சு முட்டியது. பேசிக்கொண்டே ஏற முடியாது. படித்தவர், சுமைகாரர், தாடி வைத்த தலைவர் எல்லோருமே முழுகிக் கிடப்பவர்களைப் போல மூச்சை அளந்து செலவழித்தார்கள். உயரே போகப் போகக் கடலடிக்குப் போகிறது மாதிரியல்லவா இருக்கிறது என்று பஸ்ரியன் நினைத்தார்.

முதல் நாளே மானம் போனது. பாலசிங்கம் பிளவுக்குள் இறங்கிப் பனிச்சுவரை அப்போதுதான் அளக்கத் தொடங்கியிருந்தார். ஏழாவது மந்திரம் முடிந்தது. பஸ்ரியனின் கை அவரைக் கேட்காமலே இழுத்தது. சுத்தியல் ஒரு பக்கம், வெப்பமானி ஒரு பக்கம் விழ, பாலசிங்கம் கால்களை உதறிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

“பஸ்ரியன், கீழை காத்து இருக்குது. நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறன்” என்றார் பாலசிங்கம்.

“தெரியும் ஐயா. கைக்குத் தெரியேல்லை.”

கடைசியில் ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒன்று முடியும் வரைக்கும் கீழே இருக்கலாம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தட்டு. மாலை முடிந்தால் இழுப்பு. தலைவர் தாடியைத் தடவிக்கொண்டே சம்மதித்தார்.

கீழே என்னதான் இருக்கிறது என்று பஸ்ரியன் ஒருநாள் கேட்டார். பாலசிங்கம் அவரை விளிம்பில் படுக்கவைத்துக் காட்டினார். பிளவு கோயில் மணிக்கூண்டையே இறக்கி வைக்கிற ஆழம். அதன் சுவர் மேலே வெள்ளையாகவும் இறங்க இறங்க நீலமாகவும் தெரிந்தது. சுவர் முழுவதும் குறுக்கே மெல்லிய மங்கல் கோடுகள் ஓடின.

“வருசா வருசம் விழுகிற பனி போன வருசத்துப் பனிக்கு மேலை படியும். மழை இல்லாத மாதங்களிலை காத்து தூசியைக் கொண்டுவந்து ஒரு கோடு போடும். அப்பிடியே புதைஞ்சு இறுகிப் போகும். கோட்டை எண்ணினால் வருசம். அந்தந்த வருசத்துக் காத்தும் உள்ளுக்குள்ளை மாட்டுப்பட்டுக் கிடக்கும்.”

பஸ்ரியன் மேலிருந்து கோடுகளை எண்ணிப் பார்த்தார். காலம் போய்விடுகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது போகவில்லை, இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

“இருபத்தைஞ்சாம் ஆண்டும் கிடக்குமோ ஐயா?”

“கிடக்கும். ஏன்?”

பஸ்ரியன் சொன்னார். தகப்பன், மறிச்சுக்கட்டி, கைவிட்டவன் எல்லாவற்றையும் சொன்னார். பாலசிங்கம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போனார்.

கடைசி நாள், முப்பதாம் ஆண்டுவரைக்கும் பனியை வெட்டி அனுப்பியாகிவிட்டது. கூட நின்ற சுமைகாரர் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போய்விட்டார். கீழேயிருந்து பாலசிங்கத்தின் குரல் வந்தது.

“இன்னும் அஞ்சு கோடுதான். உம்மட வருசம்.”

“வேண்டாம் ஐயா, ஏறுங்கோ.”

அவர் ஏறவில்லை. சுவரில் முட்டுக்கொடுத்து நின்ற ஒரு பனித்திட்டில் கால் வைத்து நின்று வெட்டினார். சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு திட்டு உடைந்து விழுகிற சத்தம் கேட்டது.

கயிறு பஸ்ரியனை முகம் குப்புறப் போட்டு இழுத்தது. கயிற்றைச் சுற்றிப் பனியில் நட்டிருந்த பனிக்கோடரி பிடுங்கிக்கொண்டு பறந்தது. விளிம்புக்கு இரண்டு முழம் இருக்கையில் சப்பாத்து ஆணிகள் பனியில் பிடித்தன. இடுப்பிலும் கைகளிலும் ஒரு முழு மனிதனின் பாரம். கத்தினால் கூடாரத்துக்குக் கேட்காது, கத்த மூச்சும் இல்லை. செபமாலை எங்கோ விழுந்துவிட்டது. அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார். மந்திரத்தைச் சொன்னார், பெருவிரலால் தட்டினார். ஒன்று. இரண்டு. சிவலட்சுமியை நினைத்தார்.

முப்பதை நெருங்கும்போது இடது கை திறந்துகொண்டது.

அவர் திறக்கவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிடி பிடி என்று மன்றாடினார். அவை யாருடையவோ விரல்கள் போல மெல்ல விரிந்தன. கயிறு ஒரு முழம் ஓடியது. வலது கையும் இடுப்பும் எப்படியோ அதை நிறுத்தின. அந்த ஒரு முழம் ஓடி நின்ற நேரத்துக்குள் முப்பத்தேழு வருடமாகக் கேட்டு வளர்ந்த கதை முழுவதும் அவருக்குள் தலைகீழாகப் புரண்டது. பெருவிரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

திடீரென்று கயிற்றில் பாரம் குறைந்தது. கடலில் கயிறு இலேசானால் ஆள் இல்லை என்று அர்த்தம். பஸ்ரியனுக்கு உயிரே போய்விட்டது. அப்போது கீழேயிருந்து கயிறு தட்டியது. ஒன்று. பிறகு இன்னொன்று.

பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிய சுமைகாரர் கண்டுவிட்டு ஓடிவந்தார். அவரும் பின்னால் வந்தவர்களும் சேர்ந்து இழுத்தார்கள்.

கூடாரத்தில் தேநீர் குடிக்கும்போது பாலசிங்கம் பஸ்ரியனின் பக்கம் திரும்பினார். “நீர் இழுபட்டு வாறது எனக்கு விளங்கினது. இரண்டு பேரும் ஏன் சாக வேணும் எண்டு கயிறை அறுக்கக் கத்தியை எடுத்தனான்” என்றார்.

“பிறகு?”

“தட்டுப்பட்டுது. எண்ணுற கை விடாது எண்டு நீர் சொன்னனீர். கத்தியை வைச்சிட்டு, சுவரிலை ஒரு இரும்பாணியை அடிச்சுப் பிடிச்சன்.”

பஸ்ரியன் தன் இடது கையைப் பார்த்தார். “விட்டது ஐயா” என்றார். “இந்தக் கை விட்டது. நான் விடேல்லை.”

பாலசிங்கம் தோள்பையிலிருந்து உள்ளங்கை அளவு பனிக்கட்டி ஒன்றை எடுத்து, பஸ்ரியன் குடித்து முடித்த கோப்பையில் போட்டார். அது கரையக் கரைய உள்ளேயிருந்து சிறு சிறு சத்தத்தோடு குமிழிகள் வெடித்தன.

“அந்த வருசத்துக் காத்து வெளியிலை வருகுது” என்றார்.

பஸ்ரியன் கோப்பையைக் காதோடு வைத்துக்கொண்டார். ஒரு வாய் காற்றுக்காக ஒரு மனிதன் கடலடியில் தவித்துச் செத்த வருடம். அந்த வருடத்துக் காற்று யாருக்கும் கிடைக்காமல் இந்த மலைக்குள் பத்திரமாகக் கிடந்து, இப்போது அவர் காதுக்குள் முணுமுணுத்தது. கரைந்த தண்ணீரைக் குடிக்க மனம் வரவில்லை. மருந்துப் போத்தல் ஒன்றில் ஊற்றி இறுக மூடினார்.

ஊருக்கு வந்து போத்தலை அக்காவின் கையில் கொடுத்து, இன்னது என்று சொன்னார். அன்ரோனெற் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலில் ஒரு துளி தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

“அக்கா, அப்பாவுக்குக் கயிறு பிடிச்ச ஆளின்ர பேர் என்ன?”

அவள் முகம் இறுகியது. தகப்பன் செத்தபோது அவளுக்கு எட்டு வயது, எல்லாம் தெரியும். “இப்ப அது என்னத்துக்கு?” என்றாள். பஸ்ரியன் அதையே திரும்பவும் கேட்டார்.

“அந்தோனிமுத்து” என்றாள் கடைசியில். “கரைக்கு வந்து அம்மாவின்ர காலிலை விழுந்து கிடந்தவர். உள்ளங்கை ரெண்டும் தோல் இல்லாமல் கிடந்தது. அம்மா காலை இழுத்துக்கொண்டா. அடுத்த வருசமே செத்துப் போனாராம்.”

தோலுரிந்த உள்ளங்கை. கைவிட்டவனின் கை அப்படி இருக்காது. பஸ்ரியன் தன் கைகளைப் பார்த்தார், கயிறு உரித்த வடு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கோயில் வாசலில் நின்றார்கள். பஸ்ரியன் தன் முறை வந்ததும் தகப்பனின் பெயரைச் சொன்னார். பிறகு “அந்தோனிமுத்து எண்டு இன்னொரு பேர் சுவாமி” என்றார்.

சுவாமியார் எழுதிக்கொண்டே கேட்டார். “உங்களுக்குச் சொந்தமோ?”

“ஓம் சுவாமி” என்றார் பஸ்ரியன். “எங்கட அப்பாவுக்குக் கயிறு பிடிச்சவர்.”