வெள்ளைத் தலை இல்லாத பருந்து

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. மகளின் மூச்சிழுப்பு அந்தக் காரணத்தைத் தந்தது. ஆற்றுக் காற்றுப் பட்டால் நல்லது என்று டொக்டர் சொன்ன பிறகு, பின்னேரங்களில் அவளைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, களனி ஆற்றங்கரையில் ஒரு மணித்தியாலம் நடப்பேன். ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது மாமியாரின் கட்டளை.

மீன் வள்ளங்கள் கழிவைக் கொட்டும் இடத்துக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். உயர்தரத்தில் விலங்கியல் படித்த எனக்கு வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு கொப்பியில் குறித்துவைக்கத் தொடங்கினேன். வெள்ளைத் தலையும் செங்கல் நிற முதுகும் என்றால் செம்பருந்து. மாமிக்கு அது கருடன்; கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ள மகளையும் பழக்கியிருந்தார். வெள்ளை வயிறும் சாம்பல் செட்டையும் என்றால் கடற்கழுகு. சிக்கலெல்லாம் மண்ணிறமான ஒன்றில்தான். அது செம்பருந்தின் குஞ்சாகவும் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் நான் கண்டு வளர்ந்த கரும்பருந்தாகவும் இருக்கலாம். வால் நுனி வட்டமா, கவர் விட்டுப் பிளந்ததா என்று பார்க்க வேண்டும். எழுதுவேன், வெட்டுவேன், கடைசியில் கேள்விக்குறி போடுவேன்.

"காத்து வாங்கத்தானே போறாய், கொப்பி என்னத்துக்குப் பிள்ளை?" என்றார் மாமி ஒருநாள்.

"சும்மா, மாமி."

"கருடனைக் கும்பிட்டாக் காணும். பள்ளிக்கூடம் மாதிரி இடாப்புக் கூப்பிடவோ வேணும்?"

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அன்று புதிய ஆமிக்காரன் ஒருவன் நின்றான். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். பையைக் கொட்டச் சொன்னான். பால் போத்தலுக்கும் துவாய்க்கும் நடுவே கொப்பி விழுந்தது.

"மே மொனவாத?" என்ன இது என்று கேட்டான்.

"குருல்லோ," பறவைகள் என்றேன். என் சிங்களம் அதோடு முடிந்தது.

அவன் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொன்னான். அவர் தோளுக்கு அருகில் நின்று நானும் பார்த்தேன். '5.10. பாலத்துக்கு மேலால் இரண்டு. தாழ்வாக. ஒரு சுற்று. பிறகு துறைமுகப் பக்கம்.' அடுத்த பக்கமும் அப்படித்தான். என்னுடைய கொப்பியில் எனக்காக எழுதும்போது பறவை என்று ஏன் எழுதப்போகிறேன்?

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "என்ன தங்கச்சி இது? நேரமும் பக்கமும் மட்டும்தானே எழுதியிக்கி? ஹெலியைக் கணக்கெடுக்கிறீங்க எண்டு நினைப்பாங்க."

"பருந்து, நானா," என்றேன் அண்ணன் முறை வைத்து. " சத்தியமாப் பருந்து."

அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரன் நம்பவில்லை. துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு மேலே கையைக் காட்டினான்.

"அது என்னண்டு கேக்கிறார். சட்டெண்டு சொல்லுங்க," என்றார் முதலாளி.

மண்ணிறமானது. வெயிலுக்கு எதிரே பறந்தது. வால் மடிந்து கிடந்தது. தெரியாது என்பதே சரியான பதில். அதைச் சொன்னால் என்னை எங்கே கொண்டுபோவார்கள், பிள்ளையை யாரிடம் விடுவார்கள் என்று மனம் ஓடியது. இடுப்பிலிருந்த மகள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறு நாளென்றால், அது கருடன் இல்லையம்மா என்று திருத்தியிருப்பேன்.

"செம்பருந்துக் குஞ்சு," என்றேன். "வளர்ந்தாப் பிறகுதான் தலை வெள்ளையாகும்."

முதலாளி அதைச் சொல்லி, மகள் செய்ததையும் தன் கன்னத்தில் தட்டிக் காட்டினார். ஆமிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எழுதிய பக்கங்களைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெறுங்கொப்பியைத் தந்து, போகலாம் என்று தலையசைத்தான்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு இப்போது இழுப்புக் குறைவு, இனிக் காற்றுத் தேவையில்லை என்று மட்டும் சொன்னேன். மாமிக்குச் சந்தோஷம். தெருவில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பக்கங்கள் இப்போது யார் கையில் இருக்கின்றனவோ என்று நினைப்பேன். பெயரில்லாத பறவைகளும், என் கையெழுத்தும், அத்தனை கேள்விக்குறிகளும்.

குசினி ஜன்னலில், இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு முழ வானம் தெரியும். ஒருநாள் அதைக் குறுக்கே ஏதோ கடந்தது. வாலைப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

"அம்மா, கருடனா?" மகளின் கைகள் கன்னத்தருகே காத்திருந்தன.

"ஓம்," என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தேன்.