கண்ணீர் அக்கா

சலவைக்கடையில் துணி தேய்ப்பவளுக்கு அழுகையும் ஒரு தொழிலாகும் என்று யார் கண்டது? பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. சும்மா வேடிக்கை பார்க்கப் போய் உட்கார்ந்தவள், யாரோ ஒரு பையன் பாடியதற்குக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அழுதாள். கேமரா அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதன்பின் எந்தச் சேனலில் யார் பாடினாலும் முன்வரிசையில் அவள் அழுதாக வேண்டும். பெயரே கண்ணீர் அக்கா என்றாகிவிட்டது. சாப்பாடும் வண்டியும் சேனல் பொறுப்பு, கைக்குட்டை மட்டும் சொந்தம்.

மகளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக் காட்டுறாங்கம்மா" என்பாள்.

பிறகு ஜனங்களுக்கு அலுத்துப்போயிற்று. ஒரே சோகக் கதையை எத்தனை வாயால்தான் கேட்பது? ஆளாளுக்குக் கைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். மிஞ்சிய ஒன்றில் பாட ஆள் கிடைக்காமல், வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் வளர்ந்து நின்ற மகளுக்கும் இடம் கிடைத்தது.

மகள் பாடியபோது அக்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா, ஊரான் பிள்ளைக்கெல்லாம் அழுதீங்க. சொந்தப் பொண்ணுக்கு வரலையா?"

மகள் முதல் சுற்றிலேயே வெளியேறினாள்.

ஒளிபரப்பான அன்று இருவரும் வீட்டில் சேர்ந்து பார்த்தார்கள். திரையில் மகள் பாடப் பாட, அக்கா பொலபொலவென்று கண்ணீர் விட்டாள், பூப்போட்ட பச்சைச் சட்டையில். அந்தச் சட்டை கிழிந்து, அடுப்படி துடைக்கும் துணியாகி எவ்வளவோ நாளாயிற்று. பழைய நிகழ்ச்சியின் அழுகையை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

மகள் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"யாரு பெத்த பிள்ளைக்கோ அழுதது. எனக்காக நீ அழவே இல்லை. அவ்வளவு மோசமாவா பாடினேன்?"

அக்கா தொழில் தெரிந்தவள், இப்போதே நாலு சொட்டு விட்டிருக்கலாம். விட்டால் மகள் நம்பமாட்டாள்.

"அழுதா கண்ணை மறைக்கும்டி. மத்தவங்க பாடுறப்ப மறைச்சா மறைச்சிட்டுப் போகுது. உன்னை நான் பார்க்கணும்ல?"

"அப்படி என்னத்தப் பார்த்த?" என்றாள் மகள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஆரம்பிக்கிறப்ப இடது கையால சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. ரெண்டாவது வரியில விட்டுட்ட. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."