புளியமரத்தடியில் நிலைகொள்ளாத புள்ளி

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். தாம்பரத்தில் இரும்புக்கடை, சேலையூரில் மூன்று மாடி வீடு, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஆறு கிலோமீட்டர் உள்ளே அரை ஏக்கர் மனை, எல்லாம் நானாகச் சம்பாதித்தது. உன்னால் ஆகாது என்றவர்கள் இன்று என்னிடம்தான் ஆணி வாங்குகிறார்கள்.

ஞாயிறு காலை ஆறே முக்கால் மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். வண்டலூர் தாண்டியதும் தூறலில் ஊரே கரைந்து, ரயில் மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருந்தது. எதிரில் சர்வேயர் மித்ரா. அவர் மடியில், செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் சொல்லும் கருவி.

"மேகம் மறைக்காதாம்மா?"

"மேகத்தால பெருசா ஒண்ணும் இல்ல சார். மரம்தான் பேஜார். அதுவும் நனைஞ்ச இலை."

மறுநாள் என் மகள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட வேண்டும். பக்கத்து மனைக்காரர் கோதண்டமோ, செல்போனில் எல்லை பார்த்து, என் பக்கம் இரண்டடி உள்ளே வேலிக்கல் நட்டுவிட்டார். இரண்டடி போனால் மாடிப்படி கிடையாது.

எட்டு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். மழை விட்டிருந்தது, எல்லைக்கல்லின் மேல் கிளை கவிந்து நிற்கும் புளியமரம் மட்டும் தன் பங்குக்குப் பெய்துகொண்டிருந்தது. கல்மேல் வைத்த கருவி நனையாமல் நான் குடை பிடித்தேன்.

"குடைய மடக்குங்க சார், அதுக்கு வானம் தெரியணும்."

மடக்கியும் பயனில்லை. திரையில் புள்ளி, தூக்கத்தில் நடப்பவனைப் போல என் மனைக்கும் அவர் மனைக்கும் போய் வந்தது.

"பாத்தியாண்ணா, இப்ப கல்லு என் பக்கம் கீது," என்றார் கோதண்டம்.

"அண்ணா, உங்க போனும் இப்டித்தான் அலைஞ்சிருக்கும்," என்றார் மித்ரா.

அவர் வெட்டவெளிக்குப் போய் இரண்டு இடங்களைக் குறித்தார். அங்கே புள்ளி அசையவில்லை. அங்கிருந்து தொலைநோக்கிக் கருவியால் மரத்தடிக் கல்லைப் பார்த்து அளக்க, கல்மேல், உச்சியில் கண்ணாடி பொருத்திய கம்பு நேராக நிற்க வேண்டும். நான் பிடித்தேன். மறுபடி மழை. கழுத்து வழியே தண்ணீர் இறங்கியது. உலகம் இலைச் சத்தமாக மட்டும் இருந்தது. நான் அசையவில்லை.

பத்திரத்தில் இருந்த பழைய அளவோடு எல்லைக்கல் பொருந்தியது. வேலிதான் தப்பு.

"சர்தாண்ணா, நாளைக்கே புடுங்கிக்கினு போறேன்," என்றார் கோதண்டம்.

அளந்து தந்த வரைபடத்தில் மித்ரா தன் பெயரை மட்டும் போட்டிருக்கிறார். மித்ராம்மா, கருவி உங்களுடையது, கணக்கும் உங்களுடையது. கம்பைப் பிடித்தவன் நான். என் முழுப்பெயரையும் அதில் எழுதித் தர வேண்டும்.