படம் எடுப்பதற்கு முன் பிரித்த வீடு

அந்தக் கார்த்திகை முழுவதும் நான் குடிசைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் என்றால் சாலை, சிறுபாலம், குடிநீர்த் தொட்டி என்றுதான் வெளியே நினைப்பார்கள். அந்த வருடம் வீடு கட்ட அரசு மானியம் வந்திருந்ததால், என் வேலையில் பாதி, குடிசை வாசல்களில் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதாக ஆகிவிட்டது. முறை இதுதான். கிராமசபையில் பயனாளியின் பெயரைப் படிப்பார்கள். பிறகு நான் போய், அவர்கள் குடியிருக்கும் குடிசையை, முன்னால் அவர்களை நிறுத்திப் படம் எடுத்து, அலுவலகச் செயலியில் ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் நின்று எடுத்தேன் என்பதைப் போன் தானாகவே குறித்துக்கொள்ளும். அடுத்து பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். அதற்கும் பிறகுதான் பணி ஆணை. ஆணை கைக்கு வந்தால்தான் குடிசையில் கை வைக்கலாம். இது குடிசைக்குப் பதிலாக வீடு கட்டித் தரும் மானியம். குடிசை இல்லையென்றால் மானியமும் இல்லை.

முன்பு அரும்பாவூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது இதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அங்கே வீடு கைக்கு வரும்வரை யாரும் நம்ப மாட்டார்கள், ஓலையைக்கூட அசைக்க மாட்டார்கள். அரியலூருக்கு மாறி வந்த பிறகு, தா.பழூரைத் தாண்டிக் கொள்ளிடக்கரை ஊர்களுக்குப் போக ஆரம்பித்தேன். இங்கே கிராமசபையில் பெயரைப் படித்துவிட்டால் வீடே கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் மைக்கில் சொன்ன சொல் அல்லவா?

அப்படி எண்ணிக்கொண்டவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். கணவன் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரியில் கிளீனர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். மழைக்காலத்தில் குடிசைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று கிராமசபையில் எழுந்து நின்று சொன்னவள் என்பதால் எனக்கு முகம் நினைவிருந்தது.

நான் போனபோது மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பட்டியலில் இருந்த இடத்தில் குடிசை இல்லை. மண் சுவர்களை இடித்துப் பரப்பி, அதன் மேல் வடகிழக்கு மூலையில் மஞ்சள் பூசிய ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். குங்குமம் மழையில் கரைந்து ஓடியிருந்தது. தவறான தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று போனைத் திரும்பப் பார்த்தேன். சரியான தெருதான்.

அவள் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. நேற்றுக் கடைசி முகூர்த்தமாம். மார்கழி பிறந்துவிட்டால் மனை வேலை தொடங்கக்கூடாது, தை வரை கொத்தனார் காத்திருக்க மாட்டார், திருப்பூருக்குப் போய்விடுவார் என்று அவசரமாகப் பிரித்துவிட்டார்களாம். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தாள். ஆணை வராமல் ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டபோது, பெயர்தான் படித்தாகிவிட்டதே என்றாள்.

குடிசையைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவள் இடிந்த மண்ணைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

செயலியில் படம் ஏற்றுவதற்கான கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் ஏறாத பெயர் இந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அடுத்த பட்டியல் எப்போது என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. வீட்டையும் இடித்துவிட்டு, மானியமும் போய், இரண்டு பெண் பிள்ளைகளோடு மாட்டுக்கொட்டகையில் இருக்கப் போகிறாள். நான் அந்த மண்ணைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நடந்தால் வழி கிடைக்கும் என்பதற்காக அல்ல. நிற்க முடியவில்லை.

கொட்டகைக்குச் சொந்தக்காரியான எதிர்வீட்டுக்காரி வாயில் வெற்றிலையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் குடிசையில்தான் இருக்கிறாள். ஆனால் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"எங்க வூட்டு முன்னாடி நிக்க வச்சு எடுத்துக்கிட்டுப் போங்க சார். எல்லாக் குடிசையும் ஒரே மூஞ்சிதான்."

அப்படி எடுக்க முடியாது, எந்த இடம் என்று போனுக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

"இம்புட்டும் தெரியுற போனுக்கு, இவளுக்கு வூடு இல்லாதது மட்டும் தெரியாதாக்கும்" என்று துப்பிவிட்டு வந்தாள். பிறகு அவளே சொன்னாள். "அப்ப திரும்பக் கட்டிப்புடுவோம். குடிசதான, என்ன மாளிகையா?"

முதலில் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். படத்துக்காக எழுப்பிய கூரையைப் படம் எடுப்பது பொய் என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர்கள் அங்கே குடிசையில் இருந்தது பொய்யில்லை. அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், ரயில்வே கேட் அருகே இறங்கி நடந்து வந்தேன். வீட்டில் சாப்பிடும்போதும் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. என் மனைவி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

காலையில் போன் செய்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கட்டுங்கள், ஆனால் கட்டிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். அதில் குடியேறுங்கள். அடுப்பு எரிந்து, பிள்ளைகள் அதில் படுத்து எழுந்த பிறகு கூப்பிடுங்கள். அடுப்பு எரியாத வீட்டை நான் எடுக்க மாட்டேன்.

தெருவே சேர்ந்து கட்டியது என்று பிறகு கேள்விப்பட்டேன். பழைய கீற்றைக் கொத்தனார் வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோயிருந்தார். எதிர்வீட்டுக்காரி தன் கூரை மாற்ற வாங்கி வைத்திருந்த கீற்றைக் கொடுத்திருக்கிறாள். மண் சுவர் ஈரத்தில் நிற்காது என்பதால் நான்கு பக்கமும் ஓலைத் தட்டிதான். லாரியிலிருந்து வந்த கணவன் தெருவுக்குள் நுழைந்து, இடித்த வீடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓலைத் தட்டியைத் தொட்டுப் பார்த்தானாம்.

அவள் கூப்பிட்டதும் போனேன். வாசல் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஈரமாகத் தொங்கியது. அவளை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தேன். சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவளாகவே சிரிக்கவில்லை. படம் ஏறியது.

எனக்கு நிம்மதி வரவில்லை. பொறியாளர் வர வேண்டுமே. அவர் என்னைவிட வயதில் சிறியவர், எதையும் தொட்டுப் பார்க்கிறவர். நான் பயந்ததுபோலவே, வந்ததும் கூரையின் தாழ்ந்த விளிம்பில், இறவாணத்தில், கையை வைத்தார்.

"கீத்து புதுசா இருக்கே?"

"பழசு போட்டா ஒழுகும் சார்" என்றாள் அவள்.

"எத்தன வருசமா இருக்கீங்க?"

"வாக்கப்பட்டு வந்ததுலேருந்து இதே எடந்தான்."

"எடத்தக் கேக்கலம்மா. வூட்டக் கேட்டேன்."

அவள் என் பக்கம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். முகூர்த்தம், கொத்தனார், மாட்டுக்கொட்டகை, அடுப்பு எரிய வேண்டும் என்று நான் போட்ட நிபந்தனை எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும், அவள் வீட்டை நானே இடித்துவிட்டேனோ என்று தோன்றியது.

பொறியாளர் குனிந்து உள்ளே போனார். அடுப்பைப் பார்த்தார். சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். தட்டியின் அடியில் ஈரம் ஏறி, ஒரு பக்கம் தரை சேறாகியிருந்தது. அதில் கால் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"குடிசையில குடியிருக்காங்களா, இல்லையா? அதான் எனக்குக் கேள்வி. இருக்காங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "அடுத்த ஊர்லயாவது முன்னாடியே சொல்லிவைங்க."

கிராமசபையிலேயே சொல்லியிருந்தேன் என்றேன்.

"கேக்குற மாதிரி சொல்லுங்க."

பணி ஆணை மார்கழியில் வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அஸ்திவாரப் படம் சீக்கிரம் வேண்டும் என்று அலுவலகத்தில் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆணையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தை பிறக்கட்டும் என்றாள். பூஜைதான் கார்த்திகையிலேயே முடிந்துவிட்டதே என்று நான் வாதாடினேன்.

"அது அந்த வூட்டுக்குப் போட்ட பூசை சார். இதுல நீங்கதான குடியிருக்கச் சொன்னீங்க? குடியிருக்கிற வூட்ட மார்கழில பிரிப்பாங்களா?"

வாரா வாரம் ஆய்வுக் கூட்டத்தில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எழுந்து நின்று, இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னேன். கொத்தனார் திருப்பூருக்கே போய்விட்டார். அவள் வேறு ஆளைப் பிடித்திருந்தாள்.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தன்று காலையில் போன் வந்தது. பிரிக்கப் போகிறோம், அதற்கு முன் வந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றாள். தேவையில்லை, படம் ஏறிவிட்டது, ஆணையும் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. போனேன்.

அவள் வீட்டில் எல்லாம் முறையாக நடந்தது. கீற்றை ஒன்றொன்றாகக் கழற்றி, கிழியாமல் எதிர்வீட்டில் அடுக்கினார்கள். நான் கிளம்பத் திரும்பினேன். எதிர்வீட்டுக்காரி தன் குடிசை வாசலில் தலை வாரி, நல்ல சேலை கட்டி, ஆதார் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அடுத்த வாசலில் இன்னொருவர். அதற்கும் அடுத்ததில் ஒரு கிழவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

"எங்க வூட்டையும் எடுத்து வச்சுக்கங்க சார். நாளைக்கு மழையில வுழுந்துட்டா, இருந்துச்சுன்னு யாரு சொல்லுவா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெயர் இல்லாமல் அலுவலகச் செயலி படத்தை ஏற்காது. அதை எப்படிக் கேட்கிற மாதிரி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் சொந்தப் போன் கேமராவைத் திறந்தேன்.

"கதவு தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். அடுத்த வாசலில் இருந்தவர் அதற்குள் நிமிர்ந்து நின்றுகொண்டார்.