பின்வாசல் இல்லாத மலை

எகிப்துக்குப் போகிறேன் என்று யாங்கோனில் பபேடான் பேட்டை டீக்கடையில் நான் சொன்னபோது கூட்டாளிகள் யாரும் நம்பவில்லை. துபாயில் வேலை பார்க்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

ஆசை என் மனைவியுடையது. மலையைக் குடைந்து செய்த அபு சிம்பெல் கோயிலின் கடைசி அறையில் நான்கு சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு தடவை நிற்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கண்ணில் புரை, இருட்டில் ஒன்றும் தெரியாது. உள்ளே நான்தான் அவளுக்குக் கண் என்று பேச்சு. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை: எனக்கு மூடிய இடம் ஆகாது. நிலநடுக்கத்தில் ஊர் ஆடியதிலிருந்து, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் குடியிருப்புப் படிக்கட்டில்கூட, சுவர் விரிசலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

வெளியே நின்றவரை நான் தைரியசாலிதான். வாசலில் நான்கு ராட்சத உருவங்கள். ஒருவருக்கு இடுப்புக்கு மேல் காணோம். தலை காலடியில் கிடந்தது. உள்ளே போய் வந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அணைத் தண்ணீரில் மூழ்காமலிருக்க இந்தக் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் கொண்டுவந்து பொருத்தினார்கள் என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார்.

"அப்ப இது ஒட்டுப் போட்ட மலை" என்றேன் மனைவியிடம்.

"ஒட்டினவங்களுக்குத் தெரியும். நீங்க நடங்க."

வாசலில் என் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றின. மற்றவர்கள் எல்லாரும் பூட்ஸோடு போய்க்கொண்டிருந்தார்கள். காவலர் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார். கோயிலுக்குள் செருப்போடு போவது யாங்கோன் கால்களுக்கு வராது. மனைவியும் கழற்றினாள்.

முதல் கூடத்தில் தூணுக்குத் தூண் பெரிய உருவங்கள், பரீட்சை நடத்த வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றன. அடுத்த கூடத்தில் கூரை தாழ்ந்தது, என் மூச்சும் தாழ்ந்தது. நான் மனதைத் தேற்றினேன். நம் ஊரில் பெரிய பயா என்கிற புத்தர் கோயிலுக்கு நான்கு வாசல். கிழக்கே ஏறி மேற்கே இறங்கலாம். கோயில் என்றால் சுற்றி வரவாவது ஒரு வழி இருக்கும். உள்ளே நின்ற காவலரிடம், அந்தப் பக்கம் எப்படிப் போவது என்று சைகையில் கேட்டேன். அவர் சுவரைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"மவுண்டன்" என்றார்.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "செருப்ப வாசல்லயே விட்டுட்டேன். எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். நீ இங்கயே நில்லு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்."

அவள் பையைத் திறந்தாள். பயாவுக்குப் போகும்போது செய்வதுபோலவே, இரண்டு ஜோடியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன.

"இருக்கு. வேற என்ன?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி அறைக்குள் நடந்தேன். என் முழங்கையைப் பிடித்திருந்தவள் கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

"எத்தனை பேரு உக்காந்திருக்காங்க?"

"நாலு பேரு."

"அது ஊர்லயே தெரியும். கண்ணத் தொறந்து சொல்லுங்க."

"கண்ணு தொறந்துதான் இருக்கு."

"இருட்டுல தடவி நடக்கறது எப்படின்னு எனக்கா தெரியாது?"

திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நான்கு பேரும் இருந்தார்கள்.

"நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. மிங்கலாடோன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி."

"பஸ் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு. ஓரத்து ஆளுக்கு மூஞ்சியே தேஞ்சு போச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது, மலை விழவில்லை. முழங்கால் எப்படி, தலையில் என்ன என்று அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"போதுங்க, பாத்தாச்சு. போலாமா?"

"இரு. மூணாவது ஆளு கையப் பத்தி இன்னும் சொல்லல."

என் வாய்தான் இதைச் சொன்னது என்பதை என் கால்கள் இன்றுவரை நம்பவில்லை. அவை அப்போதே வாசல் பக்கம் திரும்பியிருந்தன.